பொருக்கு தட்டிய நிலத்தை மீட்பது எப்படி: சஹேல் உழவர்களின் செய்முறை

ஒரு குடம் தண்ணீரை நிலத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஊற்றிய இடத்திலேயே மண் குடித்துவிட்டால் அந்த நிலம் இன்னும் பிழைத்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஊற்றியதுபோல வழிந்தோடி, எங்கோ ஒரு பள்ளத்தில் தேங்கி, வெயிலில் காய்ந்துபோனால், வானம் எவ்வளவு கொட்டினாலும் அங்கே ஒரு செடிகூடத் தலைதூக்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், யாதெங்கா பகுதி மோசி இன உழவர்கள் இப்படிப்பட்ட நிலத்தை ‘ஸிபெலே’ என்பார்கள். வெளுத்துக் கெட்டிப்பட்ட மொட்டை நிலம் அது. 1968 முதல் 1974 வரை நீண்ட வறட்சிக்குப் பிறகு ஊர் ஊராக இந்த ஸிபெலே பெருகியது. மீட்ட வழியையும் அந்த உழவர்களே பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள்.

யாதெங்காவில் மழை இல்லாமல் இல்லை. சகாராவின் தெற்கு ஓரமாக நீளும் வறண்ட நிலமான சஹேலின் அந்தப் பட்டையில் ஆண்டுக்கு 400 முதல் 700 மி.மீ. வரை பெய்கிறது. நம் தூத்துக்குடி மாவட்டத்தின் மழையளவும் இதற்குள்தான் அடங்கும். ஆனால் அங்கே ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் எல்லாம் முடிந்துவிடும், அதிலும் பெரும்பகுதி சில பெருமழைகளிலேயே கொட்டிவிடும். இந்த மழையை எங்கே நிறுத்துவது என்பதுதான் பாலையாதலைத் தடுக்கும் வேலையின் சாரம். மரம் நடுவது அதற்குப் பின்னால் வருகிற வேலை. வரிசை மாறிப்போனதால் வீணான உழைப்பும் பணமும் சஹேலில் ஏராளம்.

சகாரா ஓர் அலைபோலத் தெற்கே ஊர்ந்து வருகிறது என்ற எண்ணம் இந்த வரிசை மாறிப்போனதற்கு ஒரு காரணம். 1975இல் சூடானில் ஆய்வு செய்த ஹியூ லாம்ப்ரே, பாலைவன எல்லை ஆண்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர் நகர்கிறது என்று அறிக்கை தந்தார். அந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. பின்னர் 1980களின் செயற்கைக்கோள் படங்களை நாசா விஞ்ஞானி காம்ப்டன் டக்கர் குழுவினர் ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. பசுமையின் எல்லை 1980 முதல் 1984 வரை தெற்கே இறங்கியிருக்கிறது. அடுத்த ஆண்டு மழை சற்றுக் கூடியதும் 100 கி.மீ.க்கு மேல் வடக்கே திரும்பிப் போயிருக்கிறது. எல்லை மழையோடு வந்துபோகிறது. மழை திரும்பியும் பசுமை திரும்பாத நிலம் எது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. அது பாலைவன ஓரத்தில் மட்டும் இல்லை. கிணற்றைச் சுற்றி, ஊரைச் சுற்றி, ஓய்வே கொடுக்காமல் உழுத வயலில், சொறி பிடித்ததுபோல் திட்டுத் திட்டாக முளைக்கிறது. பாலைவனத்தைத் தடுக்கச் சுவர் எழுப்புகிற திட்டங்கள் இந்தத் திட்டுகளைத் தொடுவதேயில்லை. 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய 8,000 கி.மீ. பசுமைப் பெருஞ்சுவர் திட்டமும் ஒற்றை மரவரிசை என்ற எண்ணத்தைப் பின்னர் தளர்த்தி, அந்தந்த ஊரின் நிலத்தை அங்கங்கே மீட்பது என்ற வழிக்கு வந்திருக்கிறது.

திட்டு எப்படி உண்டாகிறது? மேலே மூடியிருந்த புல்லும் சருகும் போனதும் மழைத்துளி வெறும் மண்ணில் நேராக அறைகிறது. மண்கட்டி உடைந்து, நுண்ணிய களியும் வண்டலும் பிரிந்து, மேல்மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. வெயில் அடித்ததும் அது சில மில்லிமீட்டர் தடிப்பில் பொருக்காக இறுகிவிடுகிறது. கத்தி நுனியால் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தால் மேல்பக்கம் வழவழவென்று மினுங்கும், அடிப்பக்கம் மண் சொரசொரவென்று ஒட்டியிருக்கும். அந்த மினுங்கும் ஏடுதான் தண்ணீரை மறிக்கிறது. விதை விழுந்தால் காற்று வாரிக்கொண்டு போகும், தப்பி முளைத்தால் வேர் இறங்க வழியிருக்காது.

ஆகவே முதல் வேலை, ஓடுகிற தண்ணீரின் வேகத்தைக் கொல்வது. அதற்குக் கல்வரப்பு. அந்த ஊர்களில் செம்பொறைக் கல் தாராளமாகக் கிடைக்கும். முன்பும் உழவர்கள் கல்லை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சமமட்டம் பிடிபடவில்லை. நிலம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நூறு மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் வாட்டம் இருக்கும். கண்மட்டத்தை நம்பி வைத்த வரப்பின் தாழ்ந்த முனைக்குத் தண்ணீர் முழுக்கத் திரண்டு, ஒரே இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். 1979இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் தொடங்கிய திட்டம் ஒன்று யாதெங்காவில் கற்றுக்கொடுத்த எளிய கருவி இதைத் தீர்த்தது. நம் ஊர்க் கொத்தனார்கள் நாள்தோறும் பிடிக்கிற டியூப் லெவல்தான் அது.

பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப், உள்விட்டம் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் போதும். ஆளுயரக் கம்பு இரண்டு. இரண்டிலும் அடியிலிருந்து செ.மீ. கோடு போட்டு, டியூபின் இரு முனைகளையும் கம்போடு சேர்த்துக் கட்டுங்கள். தண்ணீரை டியூபின் வாயில் நேராக ஊற்றாதீர்கள், குமிழி சிக்கும். உயரத்தில் வைத்த வாளியிலிருந்து உறிஞ்சி இறக்கினால் காற்றை வெளியே தள்ளிக்கொண்டு நிரம்பும். ஒரே ஒரு குமிழி உள்ளே நின்றாலும் அளவு தவறிவிடும். பிழை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிரப்பியதும் இரண்டு கம்பையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் கருவி சரி.

நிலத்தில் முதல் முளைக்குச்சி அடித்த இடத்தில் ஒருவர் நிற்க, மற்றவர் வாட்டத்துக்குக் குறுக்காகப் பத்து மீட்டர் போய், இரண்டு அளவும் ஒன்றாகும் வரை மேலும் கீழுமாக நகர்ந்து பார்க்க வேண்டும். ஒன்றானதும் அங்கே ஒரு முளைக்குச்சி. பிறகு பின்னால் நிற்பவர் முன்னால் வந்து தாண்டிப் போவார். நடக்கும்போது முனைகளைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சிந்தினாலும் கெட்டுப்போகாது, இரண்டு பக்கமும் சமமாகவே இறங்கும். தொடக்கத்தில் குறித்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுவதுதான் தவறு. அந்த நேரத்தில் இரண்டு கம்பும் காட்டுகிற அளவை மட்டும் ஒப்பிடுங்கள். வரிசை முடிந்ததும் கோணல்மாணலாகத் தெரிகிற முளைகளைச் சற்றுத் தள்ளிக் கோட்டை நேர்படுத்திக்கொள்ளலாம். இரண்டொரு செ.மீ. பிசகு கல்வரப்பைப் பாதிக்காது.

கோட்டின்மேல் 35, 40 செ.மீ. அகலத்துக்கு, 5 முதல் 10 செ.மீ. ஆழம் தோண்டி, அதில் கல்லை உட்கார வையுங்கள். பெரிய கல் பள்ளத்துப் பக்கம், சிறு கல் மேட்டுப் பக்கம். உயரம் 25 செ.மீ. இருந்தால் போதுமானது, கூடுதல் உயரம் கூடுதல் பலன் தராது. அடியைத் தோண்டாமல் வெறுந்தரையில் வைத்த கல்லுக்குக் கீழே முதல் பெருமழையிலேயே தண்ணீர் சுரங்கம் போட்டுவிடும். மண்வரப்பைவிடக் கல்வரப்பு உழவருக்கு நிம்மதி, ஏனென்றால் அது தண்ணீரை முழுதாக மறிப்பதில்லை. இடுக்கு வழியே கசியவிடுகிறது, அதனால் உடைப்பெடுப்பதில்லை. கசியும் வேகத்தில் சருகும் வண்டலும் விதையும் மேட்டுப் பக்கம் படிந்துவிடும். வாட்டம் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்றால் வரப்புக்கு வரப்பு 20 மீட்டர், அதற்கு மேல் என்றால் 15 மீட்டர். 20 மீட்டர் இடைவெளிக்கு ஹெக்டேருக்கு 500 மீட்டர் வரப்பு, ஏறத்தாழ 25 கன மீட்டர் கல் வேண்டும். கல் சுமப்பதுதான் பெரும்பாடு. தலைச்சுமையாகவும் கழுதை வண்டியிலும் பெண்கள் சுமந்த கல்லால்தான் யாதெங்காவின் வரப்புகள் பெரும்பகுதி எழுந்தன. வண்டி வசதி செய்துதராமல் கல்வரப்புக்கு இலக்கு நிர்ணயிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மேட்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். கீழ்வயலில் முதலில் கட்டினால், மேலிருந்து தடையில்லாமல் வரும் வெள்ளம் அதைப் புரட்டிப்போடும்.

அடுத்தது குழி. ‘ஸாய்’ என்று மோசி மொழியில் பெயர். நிலத்தைப் பக்குவம் செய்ய விடியுமுன் எழுந்து விரைவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பழைய வழக்கம்தான். 1980 வாக்கில் கூர்கா என்ற ஊரின் யாகூபா சவதோகோ போன்ற உழவர்கள் இரண்டு மாற்றம் செய்தார்கள்: குழியை அகலமாகவும் ஆழமாகவும் எடுத்தார்கள், கோடையிலேயே அதில் எருவைப் போட்டுவைத்தார்கள். கோடையில் குழி வெட்டுகிற மனிதரை ஊரார் பைத்தியம் என்றார்கள். அதே சவதோகோவுக்கு 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் மறைந்தார்.

குழியின் அளவு: விட்டம் 20 முதல் 40 செ.மீ., ஆழம் 10 முதல் 20 செ.மீ. குழிக்குக் குழி 60 முதல் 80 செ.மீ. தள்ளி, மேல்வரிசைக் குழிகளின் இடைவெளிக்கு நேராகக் கீழ்வரிசைக் குழி வரும்படி எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் பிறை வடிவில் குவியுங்கள். மேட்டுப் பக்கம் கொட்டினால் குழிக்கு வர வேண்டிய தண்ணீரை அந்த மண்ணே தடுத்துவிடும். கூலியாட்கள் அவசரத்தில் அடிக்கடி செய்கிற பிழை இது.

80 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 15,600 குழி, நம் கணக்கில் ஏக்கருக்கு 6,300. ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 300 மணி நேர உழைப்பு. ஓர் ஆள் வெயிலுக்கு முன் நாளொன்றுக்கு 5 மணி நேரம் வெட்டினால் இரண்டு மாதம் பிடிக்கும். அதனால்தான் அறுவடை முடிந்த நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். மாடு இழுக்கும் ஒற்றைக் கொழுவால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கோடுகள் வெட்டும் இடத்தில் மட்டும் குழி எடுத்தால் ஏறத்தாழ 50 மணி நேரத்தில் முடியும். மாடு உள்ளவர்களுக்கு மட்டுமே ஆகும் வழி அது. முன்கூட்டியே எடுத்த குழிக்கு இன்னொரு லாபமும் உண்டு. சகாராவிலிருந்து வீசும் வறண்ட ஹர்மட்டான் காற்று அடித்துக்கொண்டு வரும் சருகும் புழுதியும் ஆட்டுப் புழுக்கையும் அதில் வந்து விழும்.

குழிகளுக்கு இடையே உள்ள பொருக்கை முதல் ஆண்டில் உடைக்காதீர்கள். புதிதாகச் செய்பவர்களுக்கு இது புரிவதில்லை, மொத்த நிலத்தையும் கொத்திவிடத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80க்கு 80 செ.மீ. கட்டத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் விழுவது 6.4 லிட்டர். கெட்டிப்பட்ட பொருக்கு அதில் பாதியைக் குழிக்கு வடித்தாலும் ஒரு செடியின் காலடியில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர். பரவலாக நனைந்து மறுநாளே ஆவியாகிப்போகும் தூறல்கூட, குழியில் ஒரு வாரத்துக்கான ஈரமாக இறங்கிவிடும். 30 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள குழி பத்து லிட்டர் கொள்ளும். 40 மி.மீ. பெருமழையில் அந்தக் கட்டத்தில் 25 லிட்டர் விழுமே, மிச்சம் எங்கே போகும்? அதைப் பிடிக்கத்தான் கீழே கல்வரப்பு. வரப்பில்லாமல் குழி மட்டும் எடுத்த வயல்களில் குழிகள் ஒன்றிரண்டு பெருமழையில் தூர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

எரு இல்லாத குழி ஏமாற்றிவிடும். தண்ணீர் நிற்கும், பயிர் வெளுத்து நிற்கும். குழிக்கு மக்கிய எரு இரண்டு கைப்பிடி, ஏறத்தாழ 200 கிராமிலிருந்து 300 கிராம். ஹெக்டேருக்கு மூன்று டன்னுக்குக் குறையாது. பச்சைச் சாணம் வேண்டாம். இடையில் மழை தவறினால் அதன் சூட்டில் நாற்று கருகும், மக்காத வைக்கோல் மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதத்தில் போட்டு மேலே சன்னமாக மண் தள்ளிவிட்டால் கரையான் வரும். நம் ஊரில் கரையானைக் கண்டால் மருந்து தேடுவோம். இங்கே அதை அழைப்பதற்காகத்தான் எருவே போடுகிறோம் என்று சொன்னாலும் தகும். எருவைத் தேடி வரும் கரையான், குழியின் அடியைத் துளைத்துத் துளைத்துக் கால்வாய்களாக்கும். மண்வெட்டி எட்டாத ஆழத்துக்கு மழைநீர் அந்தத் துளைகள் வழியே இறங்கும். எரு பற்றாக்குறை என்றால் நிலத்தைப் பாதியாகக் குறையுங்கள், எருவைக் குறைக்காதீர்கள். கையில் சிறிது ரசாயன உரம் வாங்கப் பணமிருந்தால், இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து நாடான நைஜரில் பரப்பிய முறைப்படி சோடா பாட்டில் மூடி அளவு, 6 கிராம் கலப்பு உரத்தைக் குழிக்கு ஒன்றாகப் போடலாம். வீசி இறைப்பதைவிடப் பல மடங்கு சிக்கனம்.

முதல் நல்ல மழைக்குப் பின் விதைப்பு. களிப்பாங்கான நிலத்தில் சோளம், மணற்பாங்கில் கம்பு. குழிக்குப் பத்து விதைக்குள் போட்டு, இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று செடி நிற்கும்படி கலைத்துவிட வேண்டும். (நாம் உண்ணும் கம்பின் தாய்வீடும் இந்தச் சஹேல்தான். மாலி நாட்டின் திலெம்சிப் பள்ளத்தாக்கில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியிருக்கிறார்கள்.) ஒன்றுமே விளையாத ஸிபெலேயில் மழை குறைந்த ஆண்டில் ஹெக்டேருக்கு 300, 400 கிலோ தானியமும், நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரையும் எடுத்திருக்கிறார்கள். மறு ஆண்டு பழைய குழியைத் தூர்வாரி எருவிட்டு விதைக்கலாம். முடிந்தவர்கள் இடையில் புதுக்குழி எடுக்கிறார்கள். சில ஆண்டுகளில் நிலம் முழுக்கப் பொருக்கு விட்டுப்போகும்.

எல்லா நிலத்துக்கும் ஸாய் ஒத்துவராது. வெறும் மணலில் குழி நிற்காது, அங்கே எதிரி காற்று. கம்பந்தட்டையைக் கட்டம் கட்டமாக நட்டு மணலை நிறுத்துவது தனி வேலை. பள்ளக்கால் வயலில் குழி எடுத்தால் வேரழுகும். ஆண்டு மழை 300 மி.மீ.க்குக் கீழே போனால் குழி நிறையாது, 800க்கு மேல் போனால் வடியாது. மேய்ச்சல் நிலத்துக்கு நைஜரில் பிறைக்குழி எடுக்கிறார்கள். 4 மீட்டர் விட்டத்தில் அரைவட்டம், திறந்த பக்கம் மேட்டை நோக்கி, ஆழம் 15 முதல் 25 செ.மீ., ஹெக்டேருக்கு 313. ஒவ்வொன்றிலும் ஒரு தள்ளுவண்டி எரு.

இவ்வளவுக்கும் பிறகுதான் மரம். நட வேண்டியதில்லை என்பதே இதில் பெரிய செய்தி. எருவோடு வந்த விதைகளிலிருந்து குழிக்குள்ளேயே கன்று முளைக்கும், களை எடுக்கும்போது அதை அடையாளம் கண்டு விட்டுவைத்தால் போதும். பழைய வயல்களில் இன்னொரு புதையலும் உண்டு. நைஜரின் மராதி பகுதியில் ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர் டோனி ரினாடோ ஆண்டுக்கணக்கில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. 1983இல், வயலில் புதர் என்று எல்லோரும் வெட்டியெறிந்துகொண்டிருந்தவை வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள் என்பதை அவர் கவனித்தார். மண்ணுக்கடியில் வேர் முழுதாக உயிரோடு இருந்தது. உழவர்கள் ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் அதை வெட்டி எரித்துவந்தார்கள். அதை வெட்டாமல் வளர்க்கும் வழக்கம் பரவி, நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது.

செய்முறை சிறியது. ஒரு கட்டையில் பத்து இருபது துளிர் இருக்கும். உயரமான, நேரான, கட்டையோடு உறுதியாகப் பிணைந்த மூன்று முதல் ஐந்து துளிரைத் தேர்ந்துகொண்டு மற்றதை அரிந்துவிடுங்கள். நிறுத்திய துளிரின் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளைக் கூர்மையான கத்தியால் கீழிருந்து மேலாகச் சீவுங்கள். மழுங்கிய கத்தியால் மேலிருந்து வெட்டினால் பட்டை கிழிந்து அடிவரை உரியும், அந்த வழியாகப் பூச்சி இறங்கும். பாதிக்கு மேல் சீவினால் இலை போதாமல் தண்டு நூலாக நீண்டு காற்றில் சாயும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுத் துளிரைக் கழித்துவர வேண்டும். கழித்ததை எடுத்துப்போகாமல் வெற்றுத் திட்டுகளில் பரப்புங்கள், கரையானும் நிழலும் அங்கேயும் போய்ச் சேரும். மராதியில் தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 40 மரம் என்று வைத்தார்கள். காவோ மரம் கிடைத்தால் எத்தனை நின்றாலும் பயிருக்குத் தொல்லையில்லை. அது மழைக்காலத்தில் இலையுதிர்த்து வெயிலை விட்டுக்கொடுக்கும், கோடையில் தழைத்து ஆட்டுக்கு நெற்றும் நிழலும் தரும்.

துளிரை வளர்ப்பவருக்கே அதை வெட்டும் உரிமை இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. நைஜரில் பிரெஞ்சுக்காரர் காலச் சட்டம் மரத்தையெல்லாம் அரசுடைமை ஆக்கியிருந்தது. தன் வயல் மரத்தில் கிளை கழித்தாலும் தண்டம் கட்ட வேண்டியிருந்ததால், முளைத்ததும் பிடுங்குவதே உழவருக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1980களின் நடுவில் அந்தப் பிடி தளர்ந்த பிறகே துளிர்கள் வயலில் தங்கின. இன்றும் எந்த ஊரில் வேலையைத் தொடங்கினாலும், விறகும் நெற்றும் யாருக்கு என்பதை முதல் மழைக்கு முன் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பது நல்லது. அந்தக் கூட்டத்தில் பெண்களும், பருவத்துக்கு வந்துபோகும் ஃபுலானி இடையர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். விறகு பொறுக்குவது பெண்கள், அறுவடைக்குப் பின் வயலில் மந்தையை விடுவது இடையர்கள். அவர்களைக் கேட்காமல் போட்ட கட்டுப்பாடு ஒரு கோடைகூடத் தாங்காது. மந்தை எந்த வழியாகப் போகும், எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிக்கும், இரவு யார் வயலில் கிடை போடும் என்று பேசிக்கொண்டால், ஆடு துளிரைக் கடிப்பதும் குறையும், அடுத்த ஆண்டின் குழிகளுக்கு எருவும் வந்து சேரும். அதுவரை, நிறுத்திய துளிர்களைச் சுற்றி இடுப்புயரத்துக்கு முள் அடைத்துவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு அந்த முள்வேலி வேண்டும். மூன்றாம் ஆண்டில் தண்டு மணிக்கட்டுத் தடிமன் வந்ததும், கட்டைக்கு ஒரு தண்டு வீதம் விறகுக்கு வெட்டலாம். வெட்டும் முன் அதன் இடத்துக்கு ஒரு புதுத் துளிரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.